பொங்கலுக்குப் போன ரக்ரர் பெட்டியின்ர பெயரிங் எரிஞ்சது: ஒரு நிகழ்வு ஆய்வு

இது போன வைகாசியில விசுவமடுப் பக்கத்துக் குடும்பம் ஒண்டுக்கு நடந்தது. பெட்டியை, அதாவது ரக்ரருக்குப் பின்னால கொழுவிற ரெயிலரைக் கழட்டி வேலை செய்தது நான், அதால முதல்ல இருந்து கடைசி மட்டும் என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும். அவையளின்ர சம்மதத்தோடதான் எழுதிறன், பேரும் ஊரும் சரியாப் போடேல்லை. ஒருத்தருக்கும் காயம் வரேல்லை. எங்கட ஆக்கள் பெட்டியில குடும்பமா ஏறிப் போறவை, சில்லுக்குள்ள என்ன கிடக்கு எண்டு கழட்டிப் பாக்கிற ஆக்கள் குறைவு, அதுக்காகத்தான் இவ்வளவு விரிவா எழுதிறன்.

பின்னணி

குளத்துக்குக் கீழ வயல் செய்யிற குடும்பம். ஐயா, அம்மா, மகள், மருமோன், ரெண்டு சின்னப் பிள்ளையள், மகளின்ர அம்மம்மா. மசி 240 ரக்ரர் ஒண்டு, ரெண்டு சில்லுப் பெட்டி ஒண்டு. பெட்டியின்ர உடம்பு மீளக்குடியேறி வந்தாப் பிறகு அடிச்சது, அக்சில், அதாவது சில்லு ரெண்டும் பூட்டிற தண்டு மட்டும் 2009க்கு முந்தின பழைய பெட்டி ஒண்டில இருந்து எடுத்துப் போட்டது. வன்னியில இப்பிடிப் பழைய அக்சிலுக்குப் புது உடம்பு அடிச்ச பெட்டியள் கனக்க ஓடுது, அதில பிழையெண்டு ஒண்டும் இல்லை, ஆனா அந்த அக்சில் எவ்வளவு தேஞ்சு கிடக்கு எண்டு அளந்து பாத்துப் போட்டவை எத்தினை பேர் எண்டு கேட்டால் பதில் வராது.

பெட்டிக்குப் பல வேலை. காலபோக வெட்டு நேரம் தை மாசியில நெல்லு ஏத்தும், பிறகு கிரவல், விறகு, ஓடு, கல்லு. வைகாசி வந்தால் வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஆக்களையும் ஏத்திக்கொண்டு போகும். முள்ளியவளை காட்டாவிநாயகர் கோயில்ல கடல் தண்ணியில விளக்கெரியத் தொடங்கினாப் பிறகு வன்னியில எல்லா வீட்டிலயும் பொங்கல் கதைதான். நேர்த்தி வைச்ச ஆக்கள் முதல் நாளே பெட்டியில சாக்கு விரிச்சு, மேல தறப்பாள் கட்டி, அரிசி, தேங்காய், சக்கரை, பானை எல்லாம் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டிடுவினம். வழமையில வயலுக்கும் வீட்டுக்கும் இடையில மெதுவா ஓடுற பெட்டி, அண்டைக்குத்தான் தார் ரோட்டில நிக்காமல் மணித்தியாலக் கணக்கா ஓடும். பெயரிங்குக்கு, அதாவது சில்லு லேசாச் சுத்த உள்ளுக்கு இருக்கிற றோலர் வளையத்துக்கு, அது வேற சோதினை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில இப்பிடிப் பெட்டிச் சில்லு நிமிசத்துக்கு ஏறக்குறைய 200 தரம் சுத்தும். வயல் பாதையில ஊருறதோட ஒப்பிட்டால் சூடு கிளம்பிறதும் அதுக்கேத்த மாதிரித்தான்.

தெரியாத ஆக்களுக்காக ஹப்புக்குள்ள, அதாவது சில்லின்ர நடுக் குடத்துக்குள்ள, என்ன இருக்கு எண்டு சொல்லிடுறன். அக்சில் முனையில ரெண்டு பெயரிங் இருக்கும், உள்பக்கம் பெரிசு, வெளிப்பக்கம் சின்னன். ரெண்டும் சரிவான றோலர் பெயரிங். ஒவ்வொண்டும் ரெண்டு பகுதி: றோலர் பூட்டின கோன் அக்சில்ல ஏறும், கப் எண்டுற வெளி வளையம் ஹப்புக்குள்ள அடிச்சு இறுக்கினது. உள்பக்கக் கடைசியில ஒயில் சீல், தண்ணி உள்ளுக்குப் போகாமலும் கிறீஸ் வெளிய வராமலும் அடைக்கிற வளையம். வெளிப்பக்கம் வாஷர், வெட்டுப் போட்ட நட், அது கழராமல் ஸ்பிளிட் பின், அதுக்கு மேல மூடி. பெட்டிக்கு பிறேக் இல்லை. இதைக் குறிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ, பிறகு இது உதவினது.

மாசியில இருந்து வைகாசி மட்டும்

இந்தப் பகுதியை நான் பிறகு மருமோனிட்டையும் ஐயாவிட்டையும் தனித்தனியாக் கேட்டு எடுத்தது. ரெண்டு பேரும் ஒண்டையும் மறைக்கேல்லை.

அந்த வருசம் வெட்டு நேரமும் மழை விடேல்லை. வயலுக்குள்ள இருந்து மூட்டை ஏத்தி வர, வடிச்சல் வாய்க்கால் ஒண்டைக் கடக்க வேணும், தண்ணி ஹப் மட்டத்துக்கு நிண்டது. ஒரு நாளைக்குப் பல நடை. பின்னேரம் வேலை முடிஞ்ச கையோட பெட்டியைக் குளத்தில பின்பக்கமா இறக்கி சேறு கழுவிறது அவையளின்ர வழக்கம். எல்லா ஊரிலயும் இதுதான் வழக்கம்.

வெட்டு முடியிற நேரம் இடப்பக்கச் சில்லு லேசா ஆடினதை மருமோன் கண்டிருக்கிறார். மூடியைக் கழட்டி நட்டை இறுக்கியிருக்கிறார், ஆட்டம் நிண்டிட்டுது. கிறீஸ் கண்ணில, அதாவது ஹப்பில கிறீஸ் அடிக்கிற சின்ன வாயில, கிறீஸ் கன்னைப் பூட்டி, வீட்டில கிடந்த கிறீஸை நல்லா அடிச்சிருக்கிறார். முந்தி போட்டிருந்தது பிறவுண் கலர், இது நீலக் கலர். பிறகு பெட்டி மால் ஓரமா நிண்டது, ரெண்டு மாசத்துக்கு மேல ஒரு வேலையும் இல்லாமல்.

பொங்கலுக்கு முதல் நாள் ரயருக்குக் காத்தடிச்சு, கொழுவிற பின்னைப் பாத்து, கிறீஸ் கண்ணில திரும்பவும் ரெண்டு அடி அடிச்சுப்போட்டு வெளிக்கிட்டவை. அக்கறை இல்லாத ஆக்கள் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. சில்லின்ர உள்பக்கத்தில, றிம்மில இருந்து ரயர்ச் சுவர் மட்டும், கறுப்பா கிறீஸ் வீசி அடிச்ச அடையாளம் இருந்தது. அது அண்டைக்கு வந்ததில்லை, மேல புழுதி படிஞ்சு காஞ்சு போய்க் கிடந்தது. குனிஞ்சு பெட்டிக்குக் கீழ பாத்தால் மட்டும்தான் அது தெரியும்.

ரோட்டில கண்டது

A35 ரோட்டால புதுக்குடியிருப்பு கடந்து கொஞ்ச தூரம் போக, பின்னால மோட்டச் சைக்கிள்ல வந்த ஒரு பெடியன் கை காட்டி நிப்பாட்டியிருக்கிறான். "அண்ணை, இடப்பக்கச் சில்லில இருந்து புகை வருது." ரக்ரர்ச் சத்தத்தில முன்னுக்கு இருந்தவருக்கு ஒண்டும் கேக்கேல்லை. பெட்டிக்குள்ள இருந்த அம்மம்மா முதலே "என்னவோ எரியிற மணம் வருது பிள்ளை" எண்டு ரெண்டு தரம் சொல்லியிருக்கிறா, ரக்ரர்ப் புகையா இருக்கும் எண்டு விட்டிட்டினம்.

எனக்கு போன் வந்தது அப்பதான். நான் அந்தப் பக்கம் ஒரு வேலையா நிண்டபடியால கெதியாப் போய்ச் சேர்ந்திட்டன். அதுக்கிடையில போன்லயே நான் சொன்னது மூண்டு விசயம்: ஆக்களை இறக்குங்கோ, சில்லுக்குத் தண்ணி ஊத்தாதேங்கோ, ஒரு அடி கூட உருட்டாதேங்கோ.

தண்ணி ஊத்த ஒருத்தர் குடத்தோட நிண்டவராம். சூடான இரும்பில தண்ணி ஊத்தினால் வெடிப்பு வரலாம், அது ஒண்டு. மற்றது, உள்ளுக்கு இருக்கிற காத்து திடீரெண்டு குளிர்ந்து சுருங்கேக்க சீல் வழியா அந்தத் தண்ணியை உள்ளுக்கு இழுத்துப்போடும்.

நான் போய்ப் பாக்கேக்க வலப்பக்க ஹப்பில கை வைச்சு வைச்சிருக்க ஏலும், இளஞ்சூடுதான். இடப்பக்கம் கிட்டக் கை கொண்டு போகவே ஏலாது. மனுசன் கையை வைச்சுப் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடிய சூடு ஏறக்குறைய 60 டிகிரி, அதுக்கு மேல எண்டால் கை தன்ரபாட்டில எடுபடும். இது அதை விட எவ்வளவோ மேல. மூடி ஓரத்தால கறுப்பு எண்ணை வழிஞ்சு நிலத்தில சொட்டிக்கொண்டிருந்தது. பிறேக் இருக்கிற வாகனம் எண்டால் பிறேக் ஒட்டிச்சோ பெயரிங் போச்சோ எண்டு யோசிக்க வேணும். இந்தப் பெட்டிக்கு பிறேக் இல்லாதபடியால அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

ரோட்டில எடுத்த முடிவுகள்

நாலு கருத்து வந்தது. ஒராள் சொன்னார் ஆற விட்டிட்டு கிறீஸ் அடிச்சு மெதுவாப் போகலாம், இன்னும் கொஞ்சத் தூரம்தானே எண்டு. இன்னொராள் ஆக்களை இறக்கிப்போட்டு வெறும் பெட்டியாப் புதுக்குடியிருப்புக்குத் திருப்பி இழுப்பம் எண்டார். ஐயா பெட்டியைக் கழட்டி விட்டிட்டு ரக்ரரில ரெண்டு மூண்டு பேர் மட்டும் போகலாமோ எண்டு கேட்டார். நான் சொன்னது, எல்லாரையும் வேற வாகனத்தில அனுப்பிப்போட்டு இங்கயே கழட்டிப் பாப்பம், பாத்தாப் பிறகு முடிவெடுப்பம் எண்டு.

அம்மம்மாவுக்கு நேர்த்தி. பொங்கல் பானை பெட்டிக்குள்ள. அந்த நேரத்தில "போகேலாது" எண்டு சொல்லுறது லேசில்லை, நான் அதை விளங்கிக்கொண்டுதான் கதைச்சனான். ஆனா பெட்டிக்குள்ள பிள்ளையளும் இருந்தவை. றோலர்களை இடைவெளி விட்டுப் பிடிச்சிருக்கிற பெயரிங் கூடு உடைஞ்சு றோலர் சிதறினால் கோன் அக்சிலோட சேர்ந்து இறுகும், ஹப் ஒரு பக்கம் சரியும், நட்டின்ர பின் வெட்டுப்படும், பிறகு சில்லு ஹப்போட கழண்டு போகும். ரெண்டு சில்லுப் பெட்டியில ஒரு சில்லு போனால் பெட்டி அந்தப் பக்கமாப் புரளும். இதை மருமோனுக்கு நேராச் சொன்னன். அவர் கொஞ்ச நேரம் பேசேல்லை, பிறகு தானே ரோட்டில இறங்கி முள்ளியவளைப் பக்கம் வெறுமையாப் போன ஒரு கன்ரர் வாகனத்தை மறிச்சார். அம்மம்மா, பிள்ளையள், பொங்கல் சாமான் எல்லாம் அதில ஏறிப் போச்சுது. நேர்த்தி தவறாமல் நிறைவேறினது.

மற்றச் சில்லுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் அடைகட்டை வைச்சு, பெட்டியை ரக்ரரில இருந்து கழட்டாமல், அக்சிலுக்குக் கீழ ஜக் போட்டுத் தூக்கினம். நிலம் மணல் எண்டபடியால ஜக்குக்குக் கீழ பலகைத் துண்டு. ஆற விட்டிட்டு கையால சுத்திப் பாக்க, ஒரு கறகறப்பு, கை மட்டும் அதிர்ந்தது, பாதிச் சுத்தில பிடிச்சுக்கொண்டுது. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினால் நல்ல ஆட்டம். இவ்வளவு ஆட்டமும் இருக்கு, சுத்தவும் விடுதில்லை எண்டால் உள்ளுக்கு உடைஞ்சிட்டுது எண்டு அர்த்தம். அதோட இழுத்துக்கொண்டு போற கதைக்கு முடிவு வந்தது.

கழட்டினதில கண்டது

மூடியைத் தட்டி எடுக்க, உள்ளுக்கு கிறீஸ் இருந்தது. கனக்க இருந்தது. இதைத்தான் எல்லாரும் ஊண்டிக் கவனிக்க வேணும்: கிறீஸ் இல்லாமல் எரியேல்லை. ஹப்புக்குள்ள நடு இடம் முழுக்க நீலக் கிறீஸ் அடைஞ்சு கிடந்தது, ஆனா உள்பக்கப் பெயரிங் றோலருக்கு இடையில இருந்தது பால் தேத்தண்ணி நிறத்தில நுரைச்சுப் போன ஒரு களி. விரலால தேச்சால் வழுக்கேல்லை, தண்ணி பிரிஞ்சு வந்தது. கிறீஸ் கண் ரெண்டு பெயரிங்குக்கும் நடுவில இருக்கிறபடியால அடிக்கிற கிறீஸ் முதல் அந்த நடு இடத்தைத்தான் நிரப்பும். றோலருக்குள்ள போய் பழசைத் தள்ளும் எண்டு நம்பேலாது, அமத்தம் கூடினால் சீலைத்தான் வெளியால தள்ளும். இதிலயும் சீல் ஒரு பக்கம் தள்ளுப்பட்டுக் கிடந்தது.

உள்பக்கப் பெயரிங்கின்ர கூடு மூண்டு துண்டா உடைஞ்சிருந்தது. றோலர்கள் சிலது வைக்கோல் மஞ்சள் நிறம், சிலது கடும் நீலம். இரும்பு அப்பிடி நீலமாக ஏறக்குறைய 300 டிகிரி சூடு வேணும், அந்தச் சூட்டில பெயரிங் உருக்கின்ர கடினம் போயிடும். சாதாரண லித்தியம் கிறீஸ் 180 டிகிரிக்குக் கிட்ட உருகி ஓடத் தொடங்கிடும், அதுக்குப் பிறகு இரும்பும் இரும்பும்தான்.

நான் கூட நேரம் பாத்தது வெளி வளையத்தை. மண்ணெண்ணையில கழுவித் துடைச்சு வெயிலுக்குச் சாய்ச்சுப் பிடிக்க, வளையத்தின்ர ஒரு பாதியில மட்டும் கறுப்புக் கோடுகள், ஒண்டுக்கொண்டு ஒரே இடைவெளியில. அந்த இடைவெளியை றோலருக்கு இடையில இருக்கிற இடைவெளியோட வைச்சுப் பாக்க அச்சொட்டாப் பொருந்தினது. நகத்தால உரசினால் கோட்டில நகம் தட்டுப்படும். ஓடேக்க வாற காயம் வளையம் நீளத்துக்குத் தடமாத்தான் வரும். இப்பிடி றோலர் இருந்த இருந்த இடத்தில கோடு விழுந்தால், பெட்டி அசையாமல் நிண்ட நேரம் தண்ணி அடியில தேங்கி துரு தின்னிருக்கு. மால் ஓரம் நிண்ட அந்த மாசங்கள்லதான் இந்தப் பெயரிங் பழுதாப் போனது.

சீலைக் கழட்ட, உதடு ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தது, உள்ளுக்கு இருக்க வேண்டிய சின்னச் சுருள் கம்பி இல்லை. அக்சில்ல சீல் உதடு உரசிற இடத்தில சுத்திவர ஒரு பள்ளம், விரல் வைச்சாலே தெரியும். அந்தப் பள்ளத்தில எந்தப் புதுச் சீலைப் போட்டாலும் நிக்காது. பழைய அக்சிலின்ர வயசு அதிலதான் தெரிஞ்சது. கோன் ஏறியிருக்கிற இடமும் நீலம் பூத்து, வளையம் சுத்தித் தேச்சு மினுங்கிக்கொண்டிருந்தது.

காரணம் ஒண்டில்லை

சீல் தடத்தில பள்ளம் முதலே இருந்தது. நெல்லு ஏத்தி ஓடிச் சூடான ஹப் வாய்க்கால் தண்ணிக்குள்ள இறங்க, உள்காத்து சுருங்கி அந்த இடைவெளியால தண்ணியை இழுத்தது. பின்னேரம் குளத்தில இறக்கிக் கழுவேக்கயும் அதேதான், அது இன்னும் மோசம், ஏனெண்டால் அங்க கன நேரம் தண்ணிக்குள்ள நிண்டது. உள்ளுக்குப் போன தண்ணி வெளிய வர வழியில்லை. பெயரிங் தேயத் தொடங்க சில்லு ஆடினது. அந்த ஆட்டம் பெயரிங் சொன்ன சேதி, நட்டை இறுக்கினதோட அந்தச் சேதி கேக்காமல் போச்சுது. இறுக்கின நட் றோலரை வளையத்துக்குள்ள நெரிச்சது, மெதுவா ஓடினால் தெரியாது, தார் ரோட்டில ஓடத்தான் சூடு ஏறும்.

ரெண்டு கலர்க் கிறீஸ் கலந்ததைப் பற்றியும் கேட்டவை. கலர் எண்டுறது சாயம், அதை வைச்சு ரகம் சொல்லேலாது. லித்தியம், கல்சியம், களிமண் ரகம் எண்டு சேர்ந்து போறதும் இருக்கு, சேராமல் இளகி ஓடுறதும் இருக்கு. இதில அது எவ்வளவு பங்கு எண்டு என்னால பிரிச்சுச் சொல்லேலாது, தண்ணி செய்த வேலை அவ்வளவு பெரிசு. 2022க்குப் பிறகு சாமான் விலை ஏறின ஏற்றத்தில கையில கிடந்த கிறீஸை அடிச்சதுக்காக ஒருத்தரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பெயரிங் வாங்கினது

வளையத்தில பொறிச்சிருந்த இலக்கத்தைத் துடைச்சு வாசிச்சம். உள்பக்கம் 32210, வெளிப்பக்கம் 30208. இந்த வகையில கடைசி ரெண்டு இலக்கத்தை 5ஆல பெருக்கினால் உள்விட்டம் வரும், 10 எண்டால் 50 மில்லிமீட்டர், 08 எண்டால் 40. கடைக்குப் போகேக்க பழைய பெயரிங்கைக் கையில கொண்டு போங்கோ, ஏலாட்டில் இலக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போங்கோ.

கிட்ட இருந்த கடையில 32210 இல்லை, 30210 தந்தினம், "உள்ளுக்கும் சரி வெளிக்கும் சரி, போடலாம் தம்பி" எண்டு. உண்மைதான், ரெண்டுக்கும் உள்விட்டம் 50, வெளிவிட்டம் 90. ஆனா 32210இன்ர மொத்த அகலம் 24.75 மில்லிமீட்டர், 30210இன்ரது 21.75. அந்த 3 மில்லிமீட்டருக்கு ஹப் உள்பக்கமா நகரும், சீல் உக்காருற இடம் மாறும், நட் வாற இடமும் மாறும், பாரம் தாங்கிறதும் குறையும். ஆக்கள் ஏறுற பெட்டிக்கு அப்பிடிப் போடுறதில்லை எண்டு சொல்லி வாங்காமல் வந்தம். அண்டிரவு பெட்டி ரோட்டோரத்தில, ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால, கட்டைக்கு மேல நிண்டது. அந்த வீட்டுக்கார அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணியும் தந்து, பெட்டியைத் தான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னா. அடுத்த நாள் கிளிநொச்சியில சரியான இலக்கம் கிடைச்சது.

அக்சில் முனை

இதிலதான் பெரிய வாதம் நடந்தது. லேத் பட்டறையில சொன்னது, தேஞ்ச இடத்தில வெல்டிங் நிரப்பி 50 மில்லிமீட்டருக்குக் கடைஞ்சு தரலாம், செலவு குறைவு எண்டு. வேற ஒருத்தர் கூரான உளியால பொட்டுப் பொட்டா அடிச்சுச் சொரசொரப்பாக்கினால் கோன் இறுகும், காணும் எண்டார். பொட்டு அடிச்ச இடம் கொஞ்ச நாளில அமந்து திரும்பவும் சுத்தத் தொடங்கும், அதை நான் பல பெட்டியில பாத்திருக்கிறன். வெல்டிங் நிரப்பிறது சில இடத்துக்குச் சரி, ஆனா உள்பக்கப் பெயரிங் இருக்கிற இடம்தான் அக்சில் முனையில பாரம் வளைக்கிற முக்கியமான இடம், அதில வெல்டிங் சூடு போனால் பக்கத்தில மயிர் போல வெடிப்பு விழலாம், விழுந்தால் வெளியில தெரியாது, ஒரு நாள் குழியில இறங்கேக்க முறியும்.

ஐயா கணக்குப் பாத்தார். பொங்கல் செலவு முடிஞ்ச கை, சிறுபோகத்துக்கு விதை நெல்லு வாங்க வேணும். நான் அவரை அவசரப்படுத்தேல்லை. கடைசியா அவர் எடுத்த முடிவு, இடப்பக்க முனையை முழுசா வெட்டி எடுத்து, அதே அளவில தேயாத முனை ஒண்டு தேடிப் போடுறது. பழைய சாமான் போடுற இடத்தில கிடைச்சது, கலிப்பர் வைச்சு நாலைஞ்சு இடத்தில அளந்து, சீல் தடம் வழுவழுப்பா இருக்கோ எண்டு நகத்தால உரசிப் பாத்துத்தான் எடுத்தம். வெல்டிங் பெயரிங் இடத்தில இருந்து தள்ளி, அக்சில் சட்டத்தோட சேருற இடத்தில. ரெண்டு சில்லும் நேரா நிக்குதோ எண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நூல் பிடிச்சுப் பாத்தாப் பிறகுதான் முழு வெல்டிங் போட்டது.

பூட்டின முறை

ஹப்பை மண்ணெண்ணையில கழுவி, துணியால துடைச்சு, நல்லாக் காய விட்டது. பழைய கப் ரெண்டையும் பித்தளைக் கம்பி வைச்சு மாறி மாறித் தட்டி எடுத்தம். புதுக் கப் அடிக்கேக்க ஒரு பக்கம் சரியாமல் சுத்திவரத் தட்ட வேணும், அது அடியில போய் இருந்த உடன தட்டுற சத்தம் மாறும், மொத்தைச் சத்தம் போய்க் கணீரெண்டு கேக்கும். புதுக் கோனுக்குப் பழைய கப் விடக்கூடாது, ரெண்டும் சோடியா மாத்த வேணும்.

கிறீஸ் அடைக்கிறதைக் கையாலதான் செய்தது. உள்ளங்கையில ஒரு கட்டி கிறீஸ் வைச்சு, கோனின்ர அகலமான பக்கத்தை அதில அமத்தி அமத்தி இழுக்க, றோலருக்கு இடையால போய் மற்றப் பக்கத்தில புழு மாதிரி வெளிய வரும். வாற மட்டும் விடக்கூடாது. பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். ஹப் நடு இடத்தில மூண்டில ஒரு பங்கில இருந்து அரைவாசிக்குள்ள கிறீஸ் காணும், மிச்சம் காத்துக்கு விட வேணும். சீல் உதட்டிலயும் கிறீஸ் பூச வேணும், காஞ்ச உதடு முதல் ஓட்டத்திலயே எரியும்.

நட் விசயத்தில மருமோனைத்தான் செய்ய விட்டனான், நான் பக்கத்தில நிண்டு பாத்தது. முதல் சில்லைச் சுத்திச் சுத்தி ஸ்பனரால இறுக்கிறது, அது றோலர் எல்லாம் தன்ர இடத்தில இருக்கிறதுக்கு. பிறகு முழுசாத் தளர்த்தி, ஸ்பனரை வைச்சிட்டு வெறும் விரலால நட்டை முட்ட விடுறது. பின் போடுற ஓட்டை நேர வராட்டில் தளர்த்திற பக்கமாத்தான் அடுத்த வெட்டுக்குத் திருப்ப வேணும், இறுக்கிற பக்கம் ஒருநாளும் இல்லை. கடைசியில சில்லு சத்தமில்லாமல் தாராளமாச் சுத்த வேணும், மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினால் கைக்குத் தெரியுதோ தெரியேல்லையோ எண்ட அளவில ஒரு அசைவு இருக்க வேணும். அவர் ஆட்டிப் பாத்திட்டு "அண்ணை, இந்தளவு ஆடலாமோ?" எண்டு கேட்டார். அந்தளவு ஆடத்தான் வேணும். ஸ்பிளிட் பின் புதுசு, ரெண்டு காலும் விரிச்சு மடிச்சது.

வலப்பக்கத்தையும் அண்டைக்கே கழட்டினம். கிறீஸ் காஞ்சு கட்டியாக் கிடந்தது, பெயரிங் நல்லம், வளையத்தில கோடு இல்லை. கழுவி, புதுக் கிறீஸ், புதுச் சீல். சீல் தடத்தில லேசாப் பள்ளம் தொடங்கியிருந்தது, இன்னும் ஆழமாகேல்லை.

பிறகு நடந்தது

முதல் நாள் வெறும் பெட்டியோட கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு ரெண்டு ஹப்பிலயும் புறங்கை வைச்சுப் பாத்தம், ரெண்டும் ஒரே அளவு இளஞ்சூடு. அடுத்து பாரத்தோட ஓடிப் பாத்து நட்டையும் பாத்தது, மாத்தமில்லை. சிறுபோகம் முழுக்க ஓடினாப் பிறகு இடப்பக்க ஹப்பைத் திறக்க, கிறீஸ் போட்ட நிறத்திலயே இருந்தது, தண்ணி அடையாளம் இல்லை.

வழக்கத்தில மாறினதுகள் இருக்கு. வேலை முடிஞ்ச கையோட குளத்தில இறக்கிறது நிண்டிட்டுது, ஆற விட்டிட்டு வாளியால உடம்பை மட்டும் கழுவினம், ஹப்புக்குத் தண்ணி அடிக்கிறதில்லை. வாய்க்கால் கடக்கிறதைத் தவிர்க்கேலாது, வயலுக்கு வேற பாதை இல்லை, அதால வெட்டு முடிஞ்ச உடன, பெட்டியை ஒதுக்கி விட முதல், ரெண்டு ஹப்பையும் திறந்து கழுவி அடைக்கிறது எண்டு ஐயா முடிவெடுத்திட்டார். பயணத்துக்கு முதல் நாள் செய்தால் காணாது, தண்ணி தின்னுறது பெட்டி சும்மா நிக்கிற மாசங்கள்லதான். கிறீஸ் கன்னை இப்ப அந்தக் கண்ணில பூட்டிறதே இல்லை. தூரப் பயணத்தில முதல் அரை மணித்தியாலத்தில ஒருக்கா நிப்பாட்டி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாக்கிறது மருமோனின்ர பொறுப்பு. பெட்டிக்குள்ள இருக்கிற ஆக்கள் மணம் வருது எண்டு சொன்னால் உடன நிப்பாட்டிறது எண்டும் கதைச்சு வைச்சிருக்கினம்.

நான் திரும்பச் செய்யிறதெண்டால் ரோட்டில எடுத்த முடிவுகள் அப்பிடியேதான், பெட்டியில ஒரு சோடிப் பெயரிங்கும் சீலும் ஸ்பிளிட் பின்னும் முதலே இருந்திருந்தால் ஒரு நாள் மிச்சம். இப்ப அது முன்பலகைக்குக் கீழ ஒரு தகர டப்பாக்குள்ள, கிறீஸ் பூசி எண்ணைக் கடுதாசியில சுத்திக் கிடக்கு. 32210, 30208 எண்ட ரெண்டு இலக்கத்தையும் பிள்ளையள் பலகையில பெயின்ரால எழுதி விட்டிருக்கினம்.

வலப்பக்க முனை மட்டும் மிச்சம். அந்தப் பள்ளம் இன்னும் சீலைப் பாதிக்கேல்லை, ஆனா ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் ஆழமாகும். வாற காலபோகக் காசு வந்தாப் பிறகு அதையும் மாத்திறதெண்டு ஐயா சொல்லியிருக்கிறார், முனை தேடி வைக்கச் சொல்லி என்னட்டை அளவும் தந்திட்டார்.